முதுமையின் மறதியும் ஆண் சுரப்பு நீரும்

அறுபத்தைந்து வயதைக் கடந்த விவசாயப் பெரியவர் ஒருவரை மனத்தில் கொள்வோம். எந்த வயலுக்கு எந்த முறையில் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்பதை நாற்பது ஆண்டுகளாக ஏட்டைப் பாராமலே சொல்லி வந்தவர் அவர். அண்மைக் காலமாக மண்வெட்டியை வைத்த இடம் அவருக்கு மறந்து போகிறது. கூட்டுறவுச் சங்கத்தில் கட்டிவிட்ட தவணையைக் கட்டவில்லை என்று எண்ணி, மறுபடியும் பணத்தை எடுத்துக் கொண்டு புறப்படுகிறார். பேரனை அழைக்கும்போது மகனுடைய பெயர் வாயில் வருகிறது. வீட்டார் முதலில் சிரிக்கின்றனர், பின்னர்க் கவலைப்படுகின்றனர். இந்த வேளையில் ஒருவர் வந்து, "ஆண் சத்துக் குறைந்து போயிற்று, ஊசி போட்டுக் கொண்டால் உடம்பும் மூளையும் இளமைக்குத் திரும்பிவிடும்" என்று யோசனை கூறுகிறார். கைப்பேசியைத் திறந்தால் அங்கும் அதே விளம்பரம். மகளின் வளைகாப்புக்கென்று சேர்த்து வைத்த பணம் சோதனைக்கும் ஊசிக்குமாகக் கரையத் தொடங்குகிறது.

இந்த யோசனையில் உண்மை எவ்வளவு, பொய் எவ்வளவு? இதுபற்றி உலகின் பல நாடுகளில் அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளனர். அவர்கள் கண்ட முடிவுகளை நாம் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஆண் சுரப்பு நீர் என்பது யாது?

நம் உடலில் சில சுரப்பிகள் தாம் உண்டாக்கும் பொருளை நேராக இரத்தத்தில் கலந்துவிடுகின்றன. அப்பொருள்களை ஹார்மோன்கள் என்றும் சுரப்பு நீர்கள் என்றும் அழைக்கிறோம். ஆண்களின் விரைகளில் உண்டாகும் முதன்மையான ஹார்மோனுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்று பெயர். மீசை தாடி முளைப்பது, குரல் தடிப்பது, தசையும் எலும்பும் உறுதிப்படுவது, சந்ததியை உண்டாக்கும் ஆற்றல் ஆகியவை இதனைச் சார்ந்தவை. இரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகவும் இது துணை செய்கிறது. எவ்வளவு சுரக்க வேண்டும் என்று கட்டளையிடுவது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியாகும்.

இதன் வலிமையை நம் உழவர்கள் புத்தகம் படித்து அறிய வேண்டியதில்லை. காயடித்த காளைக்கும் காயடிக்காத காளைக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் அன்றாடம் காண்கிறார்கள். இந்த வேறுபாட்டின் காரணத்தை 1849ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கெட்டிங்கன் நகரத்துப் பேராசிரியர் பெர்தோல்டு சேவல்களைக் கொண்டு ஆராய்ந்தார். விரைகளை நீக்கிய சேவல்களின் கொண்டை சுருங்கிற்று. அவை கூவுவதையும் சண்டையிடுவதையும் விட்டன. விரையை எடுத்து வயிற்றுக்குள் வேறோர் இடத்தில் பதித்து வைத்தபோது, சேவல் பழையபடி சேவலாகவே விளங்கியது. பழைய நரம்புத் தொடர்பு அறுந்த பின்னரும் இவ்வாறு நிகழ்ந்ததால், விரையிலிருந்து ஏதோ ஒரு பொருள் இரத்தத்தின் வழியே உடலெங்கும் செல்கிறது என்பது புலனாயிற்று.

அப்பொருளைத் தனியே பிரித்தெடுக்க மேலும் 86 ஆண்டுகள் ஆயின. 1935இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் எர்ன்ஸ்டு லக்கூரும் அவருடைய துணைவர்களும் 100 கிலோகிராம் காளை விரைகளிலிருந்து 10 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் புட்டனாண்டு, ருஜிக்கா என்னும் இரு வேதியியல் அறிஞர்கள் தனித்தனியே இதனைச் சோதனைச் சாலையில் செய்து காட்டினர். அவ்விருவருக்கும் 1939ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப் பெற்றது.

மூளைக்கும் இதற்கும் உள்ள உறவு

புதிய செய்திகளை நினைவில் பதிய வைப்பதற்கு மூளையின் உட்புறத்திலுள்ள ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி இன்றியமையாதது. டெஸ்டோஸ்டிரோனை ஏற்றுக் கொள்ளும் ஏற்பிகள் இப்பகுதியிலும் உள்ளன. மூளைக்குச் செல்லும் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி அங்கேயே எஸ்டிராடயால் என்னும் மற்றொரு ஹார்மோனாக மாறுகிறது. அதுவும் மூளையின் அணுக்களைப் பாதிக்க வல்லது. எனவே மூளைக்கும் இந்தச் சுரப்பு நீருக்கும் உறவு இல்லை என்று எவரும் சொல்ல முடியாது.

ஆண்களுக்கு நடுவயது தொடங்கிய பின் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனின் அளவு ஆண்டுக்குச் சராசரி நூற்றுக்கு ஒரு பங்கு வீதம் மெல்லக் குறைகிறது. மாதவிலக்கு நிற்கும் காலத்தில் பெண்களுக்கு ஏற்படுவது போன்ற திடீர் வீழ்ச்சி ஆண்களுக்கு இல்லை. நினைவாற்றலும் அந்த வயதிலேயே தளரத் தொடங்குகிறது. இவ்விரண்டும் சேர்ந்து நிகழ்வதைக் கண்டோர், ஒன்றை ஏற்றினால் மற்றதும் ஏறும் என்று எண்ணியதில் வியப்பில்லை.

முதிய அறிஞர் ஒருவரின் அனுபவம்

இந்த எண்ணம் புதியதன்று. 1889ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நாள், பாரிஸ் நகரத்து அறிஞர் சபை ஒன்றில் பிரௌன்-செக்கார் என்னும் புகழ்பெற்ற உடலியல் பேராசிரியர் எழுந்து பேசினார். அப்போது அவருக்கு 72 வயது. நாய், கினிப் பன்றி ஆகியவற்றின் விரைகளைப் பிழிந்தெடுத்த சாற்றைத் தாமே தம் உடலில் ஊசி மூலம் ஏற்றிக் கொண்டதாகவும், அதனால் உடல் வலிமை பெருகியதாகவும், சிந்தனை உழைப்பும் முன்போல எளிதாயிற்று என்றும் அவர் அறிவித்தார். செய்தி பல நாடுகளுக்கும் பரவிற்று. அத்தகைய சாறுகளின் வியாபாரமும் செழித்தது.

பிற்காலத்தில் உண்மை வெளிப்பட்டது. டெஸ்டோஸ்டிரோன் நீரில் எளிதில் கரையாது. விரையானது தான் செய்யும் ஹார்மோனைச் சேமித்து வைப்பதும் இல்லை. 2002இல் ஆஸ்திரேலிய அறிஞர்கள் அவருடைய முறைப்படியே சாறு எடுத்து அளந்து பார்த்தனர். பயன் தரக்கூடிய அளவு ஹார்மோன் அதில் இல்லை. அப்படியாயின் அந்தப் பேராசிரியர் பொய் சொன்னாரா? இல்லை. உண்மையாகவே அவர் தெம்பை உணர்ந்தார். அத்தெம்பைத் தந்தது அவருடைய நம்பிக்கையே. கற்றறிந்த விஞ்ஞானியையே நம்பிக்கை இவ்வாறு ஏமாற்றியது என்றால், "ஊசி போட்டதும் எனக்குத் தெளிவாயிற்று" என்று அண்டை வீட்டார் சொல்வதை மட்டும் நாம் சான்றாகக் கொள்ளலாமா?

தொடர்பு வேறு; காரணம் வேறு

அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் முதுமையைப் பற்றிய நீண்டகால ஆய்வு ஒன்று 1958இல் தொடங்கப் பெற்றது. அதில் சேர்ந்த 574 ஆண்களைச் சராசரி 19 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2004இல் ஒரு முடிவை வெளியிட்டனர். இரத்தத்தில் தனித்து நிற்கும் டெஸ்டோஸ்டிரோன் அளவு குறைவாக இருந்தவர்களுக்கு அல்ஸைமர் நோய் என்னும் மறதி நோய் அதிகம் வந்தது என்பதே அம்முடிவு.

இதைக் கேட்டவுடன், ஹார்மோன் குறைந்ததால்தான் மறதி வந்தது என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். ஆனால் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நாம் மறந்துவிடக் கூடாது. உடற்பருமன், நீரிழிவு, தூக்கக் குறைவு, மிகுந்த மதுப் பழக்கம், நாட்பட்ட நோய்கள் ஆகியவை டெஸ்டோஸ்டிரோனையும் குறைக்கின்றன, மூளையையும் கெடுக்கின்றன. மூளையில் தொடங்கிவிட்ட நோயே சுரப்பைக் குறைத்திருக்கவும் கூடும். வேரில் நீர் தேங்கினால் பயிரின் இலை மஞ்சளாகிறது. மஞ்சள் இலை வேரின் நோய்க்கு அடையாளமே. இலைக்குப் பச்சை வண்ணம் பூசி வேரைக் காப்பாற்ற முடியாது.

நியாயமான சோதனை

புதிய உரத்தின் பயனை அறிய நாம் என்ன செய்கிறோம்? ஒரே வயலில் இரண்டு பாத்திகளை எடுத்துக் கொள்கிறோம். ஒன்றில் உரமிட்டு, மற்றதில் இடாமல், விதை, நீர், களையெடுப்பு யாவற்றையும் சமமாகச் செய்து, அறுவடையை நிறுத்துப் பார்க்கிறோம். மனிதர்களிடத்தும் இத்தகைய சோதனைதான் தேவை. அவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மருந்தையும் மறு பிரிவினருக்கு மருந்தைப் போன்றே தோன்றும் வெறும் பொருளையும் கொடுக்க வேண்டும். யாருக்கு எது கிடைத்தது என்பது கொடுப்பவருக்கும் தெரியக் கூடாது. பெறுபவருக்கும் தெரியக் கூடாது. ஒரே விதமான தேர்வைத் திரும்பத் திரும்ப எழுதினால் பழக்கத்தினாலேயே மதிப்பெண் ஏறும். ஒப்பிட மற்றொரு பிரிவு இருந்தால்தான் இதனையும், நம்பிக்கையின் விளைவையும் கழித்துப் பார்க்க இயலும்.

தொடக்கத்தில் நடந்த சிறிய சோதனைகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டன. 2001இல் வெளிவந்த ஓர் அமெரிக்கச் சோதனையில் 25 ஆண்கள் கலந்து கொண்டனர். ஆறு வாரம் ஊசி பெற்றவர்களின் நினைவாற்றல் சற்று உயர்ந்ததாகத் தோன்றியது. 2008இல் நெதர்லாந்து நாட்டில் 60 முதல் 80 வயது வரையுள்ள 237 ஆண்களிடம் ஆறு மாதம் நடந்த சோதனையிலோ அறிவாற்றலில் எவ்வித முன்னேற்றமும் காணப்படவில்லை. ஆகவே பெரியதொரு சோதனை தேவைப்பட்டது.

அது அமெரிக்காவில் 12 இடங்களில் நடைபெற்றது. 65 வயதும் அதற்கு மேலும் ஆகி, இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவு டெசிலிட்டருக்கு 275 நானோகிராமுக்குக் குறைவாக உள்ள ஆண்களையே அதில் சேர்த்தனர். 51,085 பேரைப் பரிசீலித்து 790 பேரைத் தெரிந்தெடுத்தனர். முதுமையில் உண்மையாகவே சுரப்புக் குறைந்தவர்கள் எவ்வளவு அரியர் என்பதை இந்த எண்ணிக்கையே ஓரளவு காட்டும். ஓராண்டுக் காலம் ஒரு பிரிவினர் டெஸ்டோஸ்டிரோன் கலந்த களிம்பையும் மறு பிரிவினர் வெறுங் களிம்பையும் நாள்தோறும் தோலில் தடவி வந்தனர். மருந்து பெற்றோரின் இரத்தத்தில் ஹார்மோன் அளவு இளைஞர்களுக்கு உரிய அளவுக்கு உயர்ந்தது.

இந்த 790 பேரில், வயதுக்கேற்ற மறதி உள்ளவர்கள் என்று கண்டறியப்பட்ட 493 பேரைத் தனியே கவனித்தனர். ஒரு சிறு கதையைப் படித்துக் காட்டிச் சிறிது நேரம் கழித்து அதைத் திருப்பிச் சொல்லச் செய்தல், உருவங்களை நினைவு கொள்ளச் செய்தல், திட்டமிடும் ஆற்றல், இடத்தை அறியும் ஆற்றல் எனப் பல வகையிலும் சோதித்தனர். 2017 பிப்ரவரியில் முடிவு வெளியாயிற்று. இவற்றுள் எதிலும், மருந்து பெற்றவர்கள் வெறுங் களிம்பு பெற்றவர்களைவிட மேம்படவில்லை. இரத்தத்தில் சுரப்பு நீர் ஏறிற்று, நினைவாற்றல் ஏறவில்லை.

கிடைத்த பயனும் நேரக்கூடிய தீங்கும்

நியாயமாகப் பேசுவதென்றால், அச்சோதனையில் கண்ட நன்மைகளையும் சொல்ல வேண்டும். மருந்து பெற்றோரின் தாம்பத்திய வாழ்வில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. மனச்சோர்வு சிறிதளவு குறைந்தது. இரத்தசோகை உள்ளவர்களுக்கு ஹீமோகுளோபின் உயர்ந்தது. எலும்பின் அடர்த்தி கூடிற்று. ஆனால் இருதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்களின் சுவரில் படியும் கொழுப்புப் படிவும் அவர்களிடம் மிகுந்து காணப்பட்டது.

பின்னர் 2023இல் மற்றொரு பெரிய சோதனையின் முடிவு வெளிவந்தது. 45 முதல் 80 வயது வரை, இருதய நோயோ அது வரக்கூடிய நிலையோ உள்ள 5,200க்கு மேற்பட்ட ஆண்கள் அதில் இருந்தனர். மாரடைப்பும் பக்கவாதமும் மருந்தினால் மிகவில்லை என்பது ஆறுதலான செய்தி. எனினும் ஒழுங்கற்ற இருதயத் துடிப்பு, நுரையீரல் குழாயில் இரத்தக் கட்டி, சிறுநீரகத்தின் திடீர்க் கோளாறு ஆகியவை மருந்து பெற்றோரிடம் கூடுதலாகக் காணப்பட்டன. இம்மருந்தால் இரத்தம் தடிப்பதும் உண்டு. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோனை ஏற்றும்போது உடல் தன் சொந்தச் சுரப்பையும் விந்தணு உற்பத்தியையும் குறைத்துக் கொள்கிறது. ஆதலால் குழந்தைப் பேற்றை எதிர்நோக்கும் இளைஞர்கள் இதனைத் தாமாக எடுத்துக் கொள்வது பெருந் தவறாகும்.

விரைகளோ பிட்யூட்டரிச் சுரப்பியோ நோயுற்றதால் சுரப்பு அறவே குன்றியவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் முறையான மருந்தே. அத்தகையோர் அதனைக் கைவிடத் தேவையில்லை. காலை வேளையில், வெவ்வேறு நாள்களில் இருமுறை இரத்தம் சோதித்த பின்னரே மருத்துவர் அதனைத் தொடங்குவார். வெறும் முதுமைக்காக, நினைவாற்றலையோ உடல் உற்சாகத்தையோ பெருக்கும் நோக்குடன் இதனைத் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2020இல் தன் மருத்துவர்களுக்கு யோசனை கூறியது.

நம் நாட்டிலும் இது மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்து. ஆண்மையைப் பெருக்குவதாகக் கூறும் மருந்து விளம்பரங்களை 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் தடை செய்கிறது. அத்தகைய விளம்பரத்தைக் கண்டால், விற்பவர் முதலிலேயே சட்டத்தை மீறியவர் என்பதை நாம் உணர வேண்டும்.

மறதியின் உண்மைக் காரணத்தைத் தேடுவோம்

ஊசியினால் வீணாகும் பணம் பெரிதுதான். அதனினும் பெரிது வீணாகும் காலம். பெரியவரின் மறதிக்கு எளிதில் தீர்க்கக் கூடிய காரணம் ஒன்று இருந்து, அதனைத் தேடாமல் ஆறு மாதத்தை நாம் ஊசியில் கழித்துவிட்டால் அந்த இழப்பை யார் ஈடு செய்வார்?

பி12 வைட்டமின் குறைவினால் மறதி வரலாம். தைராய்டுச் சுரப்பி மந்தமானாலும் வரலாம். மனைவியை இழந்த முதியவர் மனச்சோர்வில் ஆழ்ந்து, கேட்டதற்கு விடை சொல்லாமல் இருப்பதை நாம் மறதி என்று பிழையாகக் கொள்ளலாம். தூக்க மாத்திரை, ஒவ்வாமைக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், மது ஆகியவை மூளையை மழுங்கச் செய்யும். நீரிழிவுக்கு மருந்து உண்பவருக்குச் சர்க்கரை மிகவும் தாழ்ந்து போனாலும் குழப்பம் உண்டாகும். காது கேளாதவரோ சொன்னதைக் கேட்கவே இல்லை. கேளாததை அவர் எவ்வாறு நினைவில் வைப்பார்? இவற்றில் பலவற்றை ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரின் விசாரணையாலும், எளிய இரத்தப் பரிசோதனைகளாலும் கண்டறிய வழி உண்டு.

சில அறிகுறிகள் ஒரு நாளும் தாமதிக்கத் தகாதவை. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரெனக் குழம்பிப் பேசினால், காய்ச்சலோடு பிதற்றினால், வாய் கோணினாலோ ஒரு கை கால் தளர்ந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கீழே விழுந்து தலையில் அடிபட்டுச் சில வாரங்களுக்குப் பிறகு குழப்பம் தோன்றினால், மண்டைக்குள் இரத்தம் மெல்லக் கசிந்து தேங்கியிருக்கக் கூடும். இது முதியவர்களுக்கு நேர்வது. சிகிச்சையால் குணப்படக் கூடியதும் ஆகும்.

வருமுன் காக்கும் வழிகள்

மறதி நோயைத் தடுக்கும் வழிகளை ஆராய்ந்த பன்னாட்டு அறிஞர் குழு ஒன்று 2024இல் தன் அறிக்கையை லான்செட் என்னும் மருத்துவ ஏட்டில் வெளியிட்டது. உலகில் ஏற்படும் இந்நோயில் ஏறத்தாழ நூற்றுக்கு 45 பங்கு, மாற்றக் கூடிய 14 காரணங்களோடு தொடர்புடையது என்று அக்குழு மதிப்பிட்டது. கல்விக் குறைவு, காது கேளாமை, பார்வைக் குறைவு, இரத்தத்தில் கெட்ட கொழுப்பு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, உடற்பருமன், உடலுழைப்பின்மை, புகைபிடித்தல், மிகுந்த மது, தலைக்காயம், மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு ஆகியவையே அந்தப் பதினான்கு. டெஸ்டோஸ்டிரோன் குறைவு அப்பட்டியலில் இல்லை.

இவற்றில் இரத்த அழுத்தம் ஒன்றையே எடுத்துக் கொள்வோம். அமெரிக்காவில் 9,361 பேரைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவு 2019இல் வெளிவந்தது. மேல் அழுத்தத்தை 120க்குக் கீழ் கொண்டுவர முயன்ற பிரிவினருக்கு, மறதி நோயின் முற்படியாகிய இலேசான அறிவுத் தளர்ச்சி குறைவாகவே ஏற்பட்டது. ஹார்மோன் களிம்பு தராத பயனைச் சாதாரண இரத்த அழுத்த மாத்திரைகள் தந்தன. ஒருவருக்கு எந்த அளவு ஏற்றது என்பதை அவருடைய மருத்துவரே முடிவு செய்வார்; மாத்திரையை இடையில் நிறுத்தாமல் உண்பது நம் கடமை. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப் பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இம்மாத்திரைகளை வீட்டு வாயிலுக்கே கொண்டு வரும் நோக்கத்தோடு அமைந்ததாகும்.

உடற்பருமன் உள்ளவர் எடையைக் குறைத்தால் டெஸ்டோஸ்டிரோன் தானாகவே ஓரளவு உயர்கிறது என்பதும் கருதத் தக்கது. நாள்தோறும் நடப்பதும், நன்கு உறங்குவதும், மதுவை விலக்குவதும் மூளைக்கும் சுரப்புக்கும் ஒருங்கே நன்மை தரும். இதற்கு எந்த வியாபாரிக்கும் நாம் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

வாசகசாலையில் கலந்துரையாடச் சில வினாக்கள்

1. ஒருவரின் அனுபவத்தைவிட இரு பிரிவுச் சோதனையை நாம் ஏன் அதிகம் நம்ப வேண்டும்?

2. டெஸ்டோஸ்டிரோன் குறைவும் மறதியும் சேர்ந்து காணப்படுவதற்கு என்னென்ன காரணங்கள் இருக்கலாம்?

3. நம் ஊரில் காது கேளாத முதியோர் எத்தனை பேர்? அவர்களுள் எத்தனை பேர் காதுகளைச் சோதித்துக் கொண்டுள்ளனர்?

4. தனித்து வாழும் முதியோரை வாரம் ஒருமுறையேனும் சென்று காண நம் இளைஞர் மன்றமும் மாதர் சங்கமும் என்ன ஏற்பாடு செய்யலாம்?

தொடக்கத்தில் நாம் கண்ட விவசாயப் பெரியவரிடமே திரும்பிச் செல்வோம். அவரை ஊசி வியாபாரியிடம் அழைத்துச் செல்வதற்கு முன், அவர் உண்ணும் மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்வோம். மறதி எப்போது தொடங்கிற்று, அதற்கு முன் கீழே விழுந்தாரா, இரவில் உறங்குகிறாரா என்பவற்றை உடன் செல்பவர் சொல்லட்டும். தவணை கட்டிய சீட்டுகளை வைக்க வீட்டில் ஓர் இடத்தைக் குறித்து வைப்போம். எந்த வயலுக்கு எந்த முறை என்பதை அவர் சொல்லச் சொல்லப் பேரன் ஏட்டில் எழுதிக் கொள்ளட்டும். அவருக்கும் அது துணையாகும். ஊருக்கும் அந்த அறிவு நிலைத்து நிற்கும்.